உள்பக்கப் பூட்டு

தடால் என்று கேட்ட அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று டிரைவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். வாளி கவிழ்ந்து தண்ணீர் முதுகுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கலாம் என்று வலது காலை மடக்கப் பார்த்தார். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸின் பிரேக்கை மிதித்த கால். அவரை ஒருநாளும் நட்டாற்றில் விட்டதில்லை. இப்போது விட்டுவிட்டது.

"அண்ணே, என்ன சத்தம் அது? கதவைத் திறங்க அண்ணே."

எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று தட்டினாள். இரண்டாம் மாடியில் இருப்பதே இரண்டு வீடுகள்தான். இந்த வீட்டில் குண்டூசி விழுந்தால் அந்த வீட்டில் தையல் மெஷின் நின்றுவிடும்.

"கால் போச்சும்மா. எழுந்திருக்க முடியல" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"கதவைத் திறந்தாத்தானே நான் வர முடியும்?"

அங்கேதான் சிக்கல். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. வெறும் தாழ்ப்பாள் இல்லை, பூட்டு. சாவி அவருடைய சட்டைப் பையில். சட்டை கூடத்து நாற்காலியின் முதுகில்.

எட்டு மாதமாக அந்த வீட்டில் அப்படித்தான். மனைவிக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு மகளின் பெயரை. பிறகு தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை யாரோ புண்ணியவான் கொண்டுவந்து விட்ட அன்றே, டிரைவர் போய்ப் பூட்டு வாங்கிவந்து மாட்டினார். சாவி அவர் பையை விட்டு இறங்குவது குளிக்கப் போகும்போது மட்டும்தான்.

"மேடம்" என்று கூப்பிட்டார். "மேடம், சட்டைப் பையில சாவி இருக்கு. எடுத்துக் கதவைத் திற."

மனைவியை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவள் நூலகத்தில் வேலை பார்த்தவள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவளை மேடம் என்பார்கள். கல்யாணமான புதிதில் இவரும் கேலியாகச் சொல்லிப் பார்த்தார். ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் பதிலுக்கு "சொல்லுங்க டிரைவர் சார்" என்பாள். இப்போதெல்லாம் வெறும் 'சார்' மட்டும்தான். அதுவாவது மிஞ்சியதே என்று அவருக்கு ஓர் ஆறுதல்.

கூடத்தில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. சட்டையை எடுத்துவிட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டாள். கைகளை மடித்தாள். நான்காக மடித்துப் புத்தக அலமாரியில், இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே, முதுகு வெளியே தெரிகிற மாதிரி செருகினாள்.

"எடுத்தவங்க எடுத்த இடத்துல வைக்கணும்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது குளியலறை வரை கேட்டது. பிறகு வாசல் பக்கம் போய், தட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்கு மரியாதையாகப் பதில் சொன்னாள். "இந்தக் கதவு திறக்காதுங்க. எதிர்வீட்ல கேட்டுப் பாருங்க."

"எதிர்வீடே நான்தான் அக்கா" என்றாள் தையல்காரம்மா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

கடைசியில் தச்சர் கடப்பாரையோடு வந்தார். நல்ல பழைய மரக்கதவு, லேசில் மசியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் மனைவி உள்ளே கத்தினாள். "யாரோ உடைக்கிறாங்க, யாரோ உடைக்கிறாங்க." அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள் போலிருக்கிறது, குரல் சுவரோரமாக வந்தது. "பயப்படாதே மேடம், நம்ம ஆளுங்கதான்" என்று டிரைவர் ஈரத்தரையில் கிடந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிஷம். கால் வலியை அவர் அப்புறம் மறந்துவிட்டார். அந்தக் குரலைத்தான் மறக்க முடியவில்லை.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. வெளியூரில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் மகள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

புதுக்கதவு மாட்டிய தச்சர், உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பூட்டு உள்பக்கம் வைக்கணுமா?"

"வேணும்" என்றார் அப்பா.

"வேண்டாம்" என்றாள் மகள்.

"நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள அப்பாவும் பொண்ணும் ஒரு முடிவுக்கு வாங்க" என்று தச்சர் நழுவினார்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, இந்தத் தடவை காலோட போச்சு. நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா? அடுப்புல துணி பிடிச்சிக்கிட்டா? அம்மா சாவியைத் தேடி எடுப்பாளா? உள்ளேயே ரெண்டு பேரும் கிடப்பீங்க."

"திறந்து போட்டா ரோட்டுல போய் ஏதாவது வண்டியில விழுவா. ரோடு எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தராதே பாப்பா."

"பூட்டி வைக்கறதுக்கு அம்மா என்ன ஜெயில் கைதியா?"

"ஜெயில்ல கைதி மட்டும்தான் உள்ள இருப்பான். இங்க நானும்தானே கூட இருக்கேன்."

மகளுக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ எங்க ஊர்ல இருக்கற இல்லத்துல விட்டுடலாம்பா. ஞாபகம் போனவங்களைப் பார்த்துக்கன்னே ஆள் வச்சிருக்காங்க. நான் தினம் போய்ப் பார்ப்பேன்."

"அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே."

கூடத்தின் மறுகோடியில் மனைவி பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்கள் பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, உதட்டில் விரலை வைத்து 'ஷ்' என்றாள். மகளும் அப்பாவும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவள் அதிகாரம் இன்னும் குறையவில்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு மாதம் பூட்டு வேண்டாம். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் அம்மா இங்கேயே இருக்கலாம். ஏதாவது ஏடாகூடமானால் மறுபேச்சில்லை, இல்லம்தான்.

தையல்காரம்மா தன் மெஷினை நகர்த்தி, தன் வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். "அக்கா படி தாண்டினா என் கால் தானா நின்னுடும். நீங்க நிம்மதியாப் போங்க பாப்பா" என்று மகளை அனுப்பிவைத்தாள்.

பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று.

கதவு திறந்து கிடந்ததில் வீட்டுக்குள் காற்று வந்தது. படியேறும் செருப்புச் சத்தம், கீழே பள்ளிக்கூட வண்டியின் ஹாரன், எதிரே மெஷின் ஓடும் கடகட எல்லாம் உள்ளே வந்தன. மனைவி ஒரு மணிக்கொரு தரம் வாசலுக்குப் போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்ப்பாள். கதவை ஒரு சாண் விட்டு ஒருக்களித்து வைப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன அக்கா, ரோந்தா?" என்று தையல்காரம்மா கேட்பாள்.

"தைக்கிற வேலையைப் பாருங்க" என்பாள் மனைவி. "பேச்சுதான் அதிகம் உங்களுக்கு."

டிரைவர் சிரித்துவிடுவார். பூட்டைத் தூக்கிப் போட்டது நல்லதாகப் போயிற்று என்று மகளிடம் போனில் சொல்லவும் சொன்னார். தோற்றதை ஒப்புக்கொள்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல், தையல்காரம்மா பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்க வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். டிரைவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். விழித்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. மனைவியின் செருப்பைக் காணோம்.

இருபத்தாறு படிகள். மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அவரைத் தாண்டிக்கொண்டு தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடா ஆட ஓடினாள். கீழ்ப்படிக்கு வந்ததும் அவரால் அதற்கு மேல் முடியவில்லை. தெருவைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்தார். தெருவில் பிரேக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தையல்காரம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மனைவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. முகம் மட்டும் வெயிலில் கன்றியிருந்தது.

"எங்கம்மா இருந்தா?"

"பஸ் ஸ்டாப்புலதான் அண்ணே." தையல்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வர்ற பஸ்ஸுக்கெல்லாம் ரோட்டுல இறங்கி, நேரா முன்னால போய் நின்னு அண்ணாந்து பார்க்கறாங்க. ஒருத்தன் பிரேக்கைப் போட்டுட்டுக் கண்டபடி திட்டிட்டுப் போனான். அக்கா அதைக் கண்டுக்கவே இல்ல. அடுத்த பஸ் வந்ததும் மறுபடி இறங்கிட்டாங்க. போர்டு படிக்கறாங்க போலிருக்கு. எந்த ஊருக்கு அக்கான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

டிரைவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

அப்படி வந்து நிற்பவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். நேராக முன்னால் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர் தலைக்கு மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். எங்கேயோ போயே தீர வேண்டும் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அவர்களை நிறுத்திவைக்க யாராலும் ஆகாது.

மாடிக்கு வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "எந்த ஊருக்குப் போகணும் மேடம்? சொல்லு. நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "அதை நான் எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நூலகத்தில் முன்பின் தெரியாத ஆள் வீட்டு விஷயம் கேட்டால் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவரே மகளுக்குப் போன் செய்தார். "ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

நடந்ததையும் சொன்னார். கேட்டதும் மகளின் குரல் இறங்கிவிட்டது. "வேணும்னா அந்தப் பூட்டையே திரும்பப் போட்டுக்கலாம்பா. நான் சண்டை போட மாட்டேன்."

"வேண்டாம் பாப்பா."

"நீங்கதானே அவ்வளவு பிடிவாதமா..."

"வழி தெரியாமப் போறான்னு நினைச்சுப் பூட்டினேன். இவ தெரிஞ்சேதான் போறா. இங்க இருக்க அவளுக்கு இஷ்டமில்ல. என்கூட இருக்க இஷ்டமில்லாதவளை எத்தனை நாள் சாவியை வச்சுக் காப்பாத்தறது?"

"அப்படியெல்லாம் இருக்காதுப்பா."

"நீ பஸ் ஓட்டினதில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை மகள் வாடகைக் காரோடு வந்தாள். தையல்காரம்மா எல்லா உடுப்பின் கழுத்துப் பட்டைக்குள்ளும் மகளின் போன் நம்பரைத் துணித்துண்டில் எழுதித் தைத்துக் கொடுத்திருந்தாள். "அக்கா என்னை மறந்துட்டாலும் என் தையல் அவங்க கழுத்தை விடாது" என்று சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மகள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "அம்மா, ஒரு நிமிஷம் நில்லு. பெட்டியை வச்சிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று படியிறங்கினாள்.

டிரைவர் ஊன்றுகோலில் சாய்ந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி தோளில் கைப்பையை மாட்டி, தலைவாரி, செருப்புப் போட்டு, வேலைக்குப் போகிற நாட்களில் நிற்பதுபோல நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு என்பதா, நான் வந்து பார்ப்பேன் என்பதா? அவள் கைப்பையின் வார் முறுக்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் நேராக்கிவிட்டார்.

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு படிக்கட்டை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, நம்பகமான ஆளிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பதுபோலச் சொன்னாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர், பஸ் ஸ்டாப்புல போய் ஒவ்வொரு வண்டியாப் பார்த்தேன், இன்னும் டூட்டி முடியல போல. அவர் வர்ற வரைக்கும் இந்தக் கதவை மட்டும் பூட்டிடாதீங்க, அவர்கிட்ட சாவி கிடையாது."