டோலுவின் பங்கு

மோகனப்ரியாவிடம் யாரும் சும்மா ஒரு பேச்சுப் பேசிவிட முடியாது. வானம் நீலமாக இருக்கிறது என்றால், வெயில் காற்றில் பட்டுச் சிதறுகிறது என்பாள். பதினோரு வயதுக்கு அந்த வாய் கொஞ்சம் அதிகம்தான். சின்ன வயதில் அவளுக்கும் டோலு என்று ஒரு சிநேகிதன் இருந்தான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவன். பள்ளிக்கூடம் போய் நாலு விஷயம் தெரிந்ததும் அவன் பேச்சையே விட்டுவிட்டாள்.

போன மாதம் அவள் நைனா திருமலை மீன் பிடிக்கப் போன படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. மற்றவர்களை வேறு படகு ஏற்றிக்கொண்டது. இவரை மட்டும் அலை இழுத்துப்போனது. மறுநாள் காலைவரை டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து, எப்படியோ உயிரோடு வந்துசேர்ந்தார்.

திரும்பக் கடலுக்குப் போன அன்றுதான் வில்லங்கம். திருவொற்றியூர் குப்பத்தில், மீன் ஏலத்துக்கு முன்னால் படகில் போன ஒவ்வொருவருக்கும் குழம்புக்கு ஒரு கை மீன் உண்டு. படகில் போகாதவனுக்குக் கிடையாது. திருமலை இரண்டு கை அள்ளினார். "ஒண்ணு டோலுக்கு. அவனும்தான் கூட வந்தான்" என்றார். படகுக்காரர் பிரகாஷ், "இன்னொரு தபா இப்டி பேசினா வூட்லயே இரு" என்று சொல்லிவிட்டார்.

கேள்விப்பட்டதும் மோகனப்ரியா வீட்டுக்கு ஓடினாள். நைனாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா? பிழைப்பும் போய்விடுமா? வீட்டில் அவர் பக்கத்தில் இன்னொரு தட்டு வேறு இருந்தது.

"நைனா, உப்புத் தண்ணி குடிச்சிகினு வெயில்ல கெடந்தா, மூளை இல்லாததெல்லாம் காட்டும். புக்ல போட்டுக்கீது. டோலுன்னு யாரும் இல்ல. நான் கட்டிவுட்டது."

திருமலை கோபப்படவில்லை. "நானும் அப்டித்தான் நென்ச்சேன், கண்ணு. அத்தொட்டு, ராத்திரி பூரா என்னைப் புடிச்சிகினு இருந்தவனாண்டயே கேட்டேன், நீ எப்டிடா இங்கன்னு."

"இன்னா சொன்னான்?" கேட்ட பிறகுதான், என்ன கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"நீதான் கல்லு மேல நின்னுகினு, 'நீ பொய்யி, கடலுக்குள்ள போயிடு'ன்னு தொரத்திவுட்டியாம். அன்னிலேர்ந்து தண்ணிலயே கீறானாம். வூட்டுக்கு வரலாமான்னு கேக்கறான்."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். அன்றைக்கு அலைத்தடுப்புக் கல்லின் மேல் ஈ காக்கை இல்லை. அம்மாவிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. விளக்கம் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

"வரச் சொல்லு நைனா" என்றாள் கடைசியில். "இங்கயே இருக்கட்டும். படகாண்ட வாணாம்."

திருமலை அந்த இன்னொரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவன் இங்க வந்துட்டா, கடல்ல என்னை யாரு புடிச்சிகினு இருப்பா?"

நைனாவுக்குக் கடலைக் கண்டு பயம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.