அண்ணிக்குத் தெரிந்துவிட்ட இரண்டு ராஜா

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கருகிய ரொட்டி. எங்கள் குடியிருப்பின் போக்கர் போட்டியில் கடைசியாக இரண்டே பேர் மிஞ்சியிருந்தோம். சீட்டுப் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கித் தொலைக்க, தீ அபாய மணி அலறியது. நடுவர் எங்கள் இருவர் சீட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார். "ஞாயித்துக்கிழமை விட்ட எடத்துலேர்ந்து ஆடலாம்" என்றார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

2

முதல் வரி: 'லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் இரண்டு ராஜா இருந்தது, அவன் முகத்தில்...' [அடித்தாயிற்று. லிஃப்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பொத்தானை அமுக்கத் தெரியும்.]

சரி, ஒளிவுமறைவு எதற்கு. ராஜா ஜோடி என்னிடம்தான். எதிரில் என் அண்ணி, பல் டாக்டர். எவ்வளவு பெரிய ஊசியை ஏந்திக்கொண்டும் "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லிப் பழகிய முகம். அதில் எதையாவது படித்துவிட முடியுமா?*

(*அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து முயல்கிறார். பாவம்.)

3

சிக்கல் இதுதான். அண்ணி பந்தயத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். அடுத்த முறை என்னுடையது. என் பந்தயக் காய்கள் அத்தனையையும் நடுவில் தள்ளினால் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார். இவ்வளவு நல்ல சீட்டுக்குச் சுண்டைக்காய் லாபம். பம்மிப் பம்மி ஆடினாலோ, இருவருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டுகளில் ராஜாவைவிடப் பெரிய ஏஸ் ஒன்று வந்து விழலாம். அவர் கையில் இன்னொன்று இருந்தால் என் ராஜாக்கள் செல்லாக்காசு.

காய் தீர்ந்தவர் வீட்டுக்கு. ஜெயித்தவருக்கு வெளியூர்ப் பெரிய போட்டியில் ஒரே ஓர் இடம். அதை நம்பி அண்ணி க்ளினிக்கில் மாட்ட விடுமுறைப் பலகைகூட எழுதிவிட்டார். எனக்கும் ஆசைதான். கேரமில்கூட அவரை நான் ஜெயித்ததில்லை.

4

ஒரு சின்னத் தகவல் விட்டுப்போயிற்று. நான் எதை எழுதினாலும் முதலில் படித்துப் பிழை திருத்துபவர் அண்ணி. பழக்க தோஷம், மேலேயுள்ள மூன்று பகுதிகளையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

போன் வந்தது.

"என்ன தம்பி, ராஜா ஜோடியா?"

"ஐயோ அண்ணி! படிச்சத மறந்துடுங்க."

"நல்ல சீட்டு வச்சிருக்கறவன் வாயத் தொறப்பானா? நான் பாக்காத வாயா? யாருக்குக் காது குத்துற?"

"சத்தியமா ராஜாதான் அண்ணி!"

"கதை எழுதறவன் சத்தியத்த யாரு நம்புவா? நீ தைரியமா தள்ளு, நான் பாத்துக்கறேன். அப்புறம் அது 'இருந்தது' இல்ல, 'இருந்தன'. திருத்திக்க."

5

உண்மையைச் சொல்லியும் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய?

முடிவு அ: தள்ளுகிறேன். அண்ணி துணிந்து வருகிறார். என் ராஜாக்கள் ஜெயிக்கின்றன. அந்த விடுமுறைப் பலகை பரணுக்குப் போகிறது.

முடிவு ஆ: அண்ணியின் கவரில் இருப்பது இரண்டு ஏஸ். என்னைத் தள்ளவைக்கத்தான் நம்பாத மாதிரி நடித்து...

அடக் கடவுளே.

6

ஞாயிற்றுக்கிழமை. கவர்களைப் பிரித்தாயிற்று. காய்களின்மேல் கை வைத்துவிட்டேன். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்களும்தான் ஒரு வரி விடாமல் படித்தீர்கள். தள்ளட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள்.

எதிரே அண்ணி சிரிக்கிறார்.

"ஒண்ணும் வலிக்காது தம்பி."