அத்தானின் பூச்சி

“அந்தப் பூச்சி என்னோடது இல்லக்கா!”

“டப்பாவுல உன் பேர்தானே ஒட்டி—”

“பேர் என்னோடது. உள்ள இருந்தது—”

“உள்ள இருந்தது மட்டும் அடுத்த வீட்டுக்காரரோடதா? பேசாம பூச்சி மாத்திரைய வாங்கிக்க!”

எச்.ஐ.வி. பிரிவின் நர்சக்காவிடம் நாலு வருஷமாக நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியவன் இந்த இஸ்திரிக்காரன். ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு வைரஸ் அடங்கிக் கிடந்தது. இந்த முறை, கடல் தாண்டி வந்தவர்களிடமெல்லாம் கல்லீரல் வைரஸுக்கு ரத்தமும் குடல்பூச்சிக்கு மலமும் கேட்டார்கள். ரத்தம் கொடுத்துவிட்டான். மற்றது மூன்று நாளாக வருவேனா என்றது. வெறுங்கையோடு போனால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, ஒரே அறையில் இருக்கும் அக்கா புருஷனிடம் கேட்டுவிட்டான்.

“கம்பெனி மெடிக்கல் அத்தான். கொஞ்சம் குடுத்தீங்கன்னா...”

“அதுக்கென்ன மாப்ளே, நம்மகிட்ட எப்பவும் ஸ்டாக் இருக்கும்!”

இதை அவன் சொல்லி முடித்தபோது நர்சக்கா சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

“அவர் வேற மருந்து ஏதாவது சாப்பிடறாரா?”

“மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரைக்கா. ஒரு மாசமா தினமும்.”

“அடப்பாவி! அதோட இந்தப் பூச்சி சேர்ந்தா உடம்பு முழுக்கப் பரவிடும். உயிருக்கே ஆபத்து. நாளைக்கே இங்க கூட்டிட்டு வா.”

“மாத்திரைய என்கிட்ட குடுங்கக்கா, பால்ல கலந்து—”

“பாக்காத ஆளுக்கு மருந்தா? போடா!”

இங்கே கூட்டி வந்தால், இது என்ன பிரிவு என்று வாசலிலேயே ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. விசா எடுத்துக் கொடுத்து, அறையில் பாதியும் கொடுத்த மனுஷனிடம், சத்து மாத்திரை என்று சொல்லியே நாலு வருஷத்தை ஓட்டியிருந்தான். அவனவன் ரகசியம் கடுதாசியில் மாட்டும், போனில் மாட்டும். என்னுடையது அத்தான் வயிற்றில் போயா மாட்ட வேண்டும் என்று பஸ் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ளே, பாஸா?”

“நான் பாஸ் அத்தான். நீங்கதான் ஃபெயிலு.”

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இவன் தண்ணீரை நீட்டினான். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

“கம்பெனி ஒண்ணும் கேக்கல அத்தான். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, நாலு வருஷமா. உங்க வயித்துல பூச்சி இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா போகணும். எதுக்கு முதல்ல திட்டப்போறீங்க?”