பெட்டிக்குள் படுத்த பனிக்கரடி

வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பனிக்கரடி குடியிருந்தது. வட துருவத்தில் அது நின்றிருந்த பனி முதலில் ஊரளவு இருந்தது, பிறகு வயலளவு, பிறகு கட்டிலளவு. கட்டிலும் கரைந்தபின் காட்பாடியில் ரயிலிறங்கி வந்துவிட்டது. அமைதியான குடித்தனம்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று அது படியிறங்கி வந்து, "அண்ணே, இனிமே ரெண்டு நாள்கூடத் தாங்க மாட்டேன்" என்றது. தணிகாசலத்திடம் அழைத்துப்போனேன். சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர். என் மனைவிக்கும் அவருடைய பெட்டிதான். நன்றாகக் குளிரும்.

"யாரு தவறினது?" என்று நோட்டைத் திறந்தார்.

"யாரும் இல்லை. இது படுக்கணும்."

"சாவு இல்லாத வீட்டுக்குப் பெட்டி குடுத்தா, நாளைக்கு ஊரே வந்து படுத்துக்கும் சார். வெயில் அப்படி."

கரடி யோசித்து, "எங்க பனி போயிடுச்சு" என்றது.

அவர் சாவுக்குக் காரணம் 'மூப்பு' என்று எழுதப்போனார். "மூப்பில்ல, காய்ச்சல்" என்று கரடி திருத்தியது.

முன்னங்கால்களை மடித்துக்கொண்டால் மூடி பொருந்தியது. வாசல் பந்தலில் பெட்டியைப் பார்த்ததும் தெரு மாலைகளோடு வந்தது. எதிர்வீட்டுக் குணவதி, "மகராசி, உன்ன ஒருநாளும் நேர்ல பாக்கலியே! சர்பத்துல பாத்ததோட சரியே!" என்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "எப்போ எடுக்கறீங்கோ?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் தணிகாசலம் பெட்டியை எடுக்க வந்தார். "வெளியூர்லேர்ந்து யாராவது வரணும்னாத்தான் இதுக்குமேல விட முடியும்" என்றார். கத்திரி வெயில் முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

கரடி உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டியது. மூடியைத் தூக்கினேன்.

"தென் துருவத்துல பனிக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ முகம் பாக்காம எடுக்கக் கூடாது."

"கூடப் பொறந்தவளா?" என்றார் தணிகாசலம்.

"ஒரே தங்கச்சி."

"அப்போ எடுக்க முடியாதுதான். மெதுவா வரட்டும்."

கரடி நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் தங்கச்சி ஏழாம் நாளே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். "முன்னல்லாம் வழி நெடுக உறவுக்காரங்க பனியா நிப்பாங்க, நின்னு நின்னு வருவேன். இப்போ வெறும் தண்ணி. நேரா வந்துட்டேன்" என்றாள். இடுப்பில் தூக்கிக்கொள்ளும் அளவுதான் மிச்சம் இருந்தாள்.

தணிகாசலம் பூ கட்டிய வண்டியோடு வந்தார். "அதான் தங்கச்சி வந்தாச்சே. எடுத்துடலாம்."

கரடி என்னைப் பார்த்தது.

"இன்னாய்யா மனுசன் நீ?" என்று குணவதி குறுக்கே நின்றாள். "பொண்ணு வாசல்லியே கரையுது. நீ பெட்டியத் தூக்கறியே?"

தணிகாசலம் தங்கச்சியின் காலடியில் தேங்கியதைப் பார்த்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"உனக்கு யாரும்மா வரணும்?"

"இமயமலையில பெரியப்பா இருக்காரு. கங்கை வழியா எறங்கி வருவாரு."

கரடி தள்ளிப் படுத்து இடம் கொடுத்தது. பெரியப்பா உயரம் என்று சொன்னார்கள். பந்தலைப் பிரித்து இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டினோம்.