புள்ளிக்குப் பக்கத்து வட்டம்

முப்பது நாளாகியும் என் வைரஸ் நோஞ்சானாகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தன்னை நகலெடுத்துப் பெருகும்போது வைரஸ் பிழை செய்யும். பெரும்பாலான பிழைகள் அதற்கே கேடு. தினமும் ஒற்றை வைரஸிலிருந்து கூட்டத்தைப் புதிதாகத் தொடங்கவைத்தால், பிழைகள் கழியாமல் சேர்ந்து அது தானே ஓய்ந்துபோக வேண்டும். என்றாவது ஒரு மருந்துக்கு உதவும் என்றுதான் இந்தப் பாடு. பாக்டீரியா படர்ந்த தட்டில், வைரஸ் அழித்த இடங்கள் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு வைரஸின் வம்சம். தினமும் ஒரு வட்டத்தை எடுத்துப் புதுத் தட்டில் விடுவேன்.

"மேடம், எப்பவும் பெரிசாப் பாத்துல்லா எடுக்கீங்க?" என்றார் லேப் டெக்னீஷியன் தாணுமாலையன்.

"பின்னே, சொத்தையையா எடுப்பா?" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

வலியசாலைக் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் வீடு எங்களுடையது. சொத்தையை ஒதுக்கி நல்லதைப் பொறுக்கியே பழகிய கை, வைரஸிலும் சிறு வட்டமிடும் நோஞ்சான்களை ஒதுக்கியிருக்கிறது.

முதலிலிருந்து தொடங்கினோம். தட்டின் அடியில் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்தோம். அதற்குப் பக்கத்தில் எந்த வட்டம் வந்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டும். என் கை பெரியதை நோக்கியே போனது; அடக்கினேன்.

இருபத்தெட்டாம் நாள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டங்கள் கடுகாய்ச் சிறுத்து மங்கியிருந்தன.

"எப்படி மேடம்?" என்றார் தாணுமாலையன்.

"ஒண்ணுகூட சுவாமிக்கு ஆகாது" என்றேன். அதை நான் சந்தோஷமாகச் சொன்னது அதுதான் முதல்முறை.