கன்னையா கடைசியாகச் சொன்னது

ஆம்புலன்ஸ் திருச்சானூரைத் தாண்டியதும் காஞ்சனா அப்பாவின் வாயை மூடியிருந்த ஆக்ஸிஜன் மூடியை விலக்கிப் பிடித்தாள். அவர்தான் விலக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். இனி வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் காலையில் சொல்லிவிட்டார்கள். வீடு என்பது புத்தூரில் சபைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. ஜெயிலிலிருந்து வந்த ஐந்து வருஷமாகக் கன்னையா அங்கேதான் இருந்தார். சபையைப் பெருக்குவார், ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போடுவார்.

"முரளிதரன்" என்றார்.

"யாரு நைனா?"

"லாரி ஓட்டிக்கினு இருந்தானே. பாலசமுத்திரத்துக்காரன்."

அவளுக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் காணாமல் போனவன். அப்போது வெங்கடசாமியின் ஆட்கள் சேஷாசலம் காட்டிலிருந்து செம்மரம் வெட்டிச் சென்னைக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கன்னையா அவருக்கு வலது கை. முரளிதரன் அவர்களுடைய லாரி டிரைவர். போலீஸ் கேட்டபோது கன்னையா தெரியாது என்றார். பிறகு அவர் ஏழு வருஷம் கடப்பா ஜெயிலில் இருந்தது மரக் கேஸுக்காகத்தான், இதற்காக இல்லை.

"நாந்தான்" என்றார் கன்னையா. "தார்ப்பாய் கட்ற கயித்தால. அவன்தான் போலீசுக்கு சொன்னான்னு பெத்தாயன சொன்னாரு. அவன் சொல்லல. ஜெயில்லதான் எனக்கே தெரிஞ்சது."

பெத்தாயன என்பது வெங்கடசாமி. அந்தப் பெயரைச் சொல்லும்போது இப்போதும் அப்பாவின் குரல் தாழ்ந்ததைக் காஞ்சனா கவனித்தாள்.

மூச்சு வாங்கியது. மூடியை வைக்கப் போனாள். அவர் தட்டிவிட்டார்.

"நாராயணவனத்துக்கு இந்தாண்ட அவரோட மாந்தோப்பு. மேற்கால ஒரு பாழுங்கெணறு இருந்துச்சு. இப்ப மண்ணு கொட்டி மூடிட்டாங்க. பக்கத்துல மோட்டார் ரூம்பு கட்டிகீறாங்க. அங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டி ஓட்னது நம்ம சிரஞ்சீவி."

"எந்த சிரஞ்சீவி? பாஸ்டரா?"

கன்னையா கண்களை மூடித் திறந்தார். "முரளிதரன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு. நான் ரெண்டு வாட்டி போனேன். பாலசமுத்திரத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, டீ குட்சிட்டு, வந்த பஸ்லயே திரும்பிட்டேன். சொல்லுவியா?"

காஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா சுந்தரி செத்தபோது இவர் ஜெயிலில். காஞ்சனாவின் கல்யாணத்தின்போதும் ஜெயிலில். வெளியே வந்தபோது கையில் வேதாகமத்தோடும் முகத்தில் புதிதாக ஒரு சாந்தத்தோடும் வந்தார். அந்தச் சாந்தத்தை அவளால் ஒருநாளும் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. இத்தனை வருஷம் தன்னிடமே வைத்திருந்துவிட்டு, சாகும்போது மகள் மடியில் கொட்டிவிட்டுப் போகிறார். வடமாலப்பேட்டை வந்தது. மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றன. நிதானமாக ஏதாவது சொல்லலாம் என்று அவள் திரும்பியபோது, அவருடைய கண்கள் அவளைப் பார்த்தபடியே நின்றுபோயிருந்தன.

*

மறுநாள் காலை சபையின் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்துச் சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். சபைப் பெண்கள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். கன்னையா வழி உறவினர்கள், அவர் மதம் மாறியதை ஏற்காதவர்கள், தெருவுக்கு அந்தப்புறம் நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள். காஞ்சனாவின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். வீடியோவில் பார்த்து அழுதான். மகள் யாமினியைப் பரீட்சை என்று சத்தியவேட்டில் பக்கத்து வீட்டு செங்கம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. வெங்கடசாமி இறங்கினார். இப்போது அவருக்குக் கல்யாண மண்டபம், மாம்பழக்கூழ் ஃபாக்டரி எல்லாம் உண்டு. ஆள் வயதாகி, சர்க்கரை வியாதியில் மெலிந்திருந்தார். பெரிய ரோஜா மாலையைப் பெட்டியின் மேல் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம்தான் என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது. அதுதான் அவளைக் குழப்பியது.

நாற்காலி போட்டார்கள். அவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"வண்டில நீ மட்டும்தான் இருந்தியாம்."

"ஆமாங்க."

"எதனா சொன்னாரா?"

"இல்லீங்க. பேச முடியல."

அவர் தலையசைத்தார். "சாவற நேரத்துல மனுஷன் என்னென்னவோ ஒளறுவான். அதெல்லாம் மனசுல வெச்சிக்கக் கூடாது. அர்த்தமாயிந்தா?" பிறகு அதே கனிவோடு கேட்டார்: "சத்தியவேட்லதான இருக்கற? கம்பெனி பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு. பாப்பா பேரு யாமினி இல்ல? நாலாவது. நல்லா படிக்க வை."

காஞ்சனா சரி என்றாள். தான் வேலைக்குப் போகும் பஸ்ஸின் நேரத்தை அவளே அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் எழுந்து ஆண்கள் பக்கம் போனபோதுதான் முரளிதரனின் மனைவி பத்மாவதி வந்தாள். பாலசமுத்திரத்திலிருந்து நகரி வந்து, அங்கே பஸ் மாறி வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி, கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தச் செம்மரக் கும்பலில் யார் செத்தாலும் அவள் வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். சித்தூரில் ஒருவன் லாரி மோதிச் செத்தபோது போனாள். ரேணிகுண்டாவில் ஒருவன் தூக்கு மாட்டிக்கொண்டபோதும் போனாள். அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். செத்தவனுக்கு நெருங்கியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போவாள்.

காஞ்சனாவிடம் வந்து குனிந்தாள். "எதனா சொன்னாராமா?"

அதே வார்த்தை. காஞ்சனா நிமிர்ந்தாள். பத்தடி தூரத்தில் வெங்கடசாமி யாரிடமோ பேசியபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா."

"சரிம்மா" என்றாள் பத்மாவதி. "எதனா துன்னியா நீ? மூஞ்சி வாடிக்கீது." பதிலுக்குக் காத்திராமல் போய், செருப்புகள் விட்டிருந்த இடத்துக்கு அருகே சுவர் ஓரமாகக் குந்தினாள்.

*

பாஸ்டர் சிரஞ்சீவி பின் அறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வயது. கன்னையாவை ஜெயிலில் வாராவாரம் போய்ப் பார்த்து, ஜெபித்து, விசுவாசத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். விடுதலையானதும் அறை கொடுத்தவரும் அவர்தான். காஞ்சனா கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"ஐயா, நைனா வண்டில பேசினாரு."

"ஜெபம் பண்ணாராமா?"

"முரளிதரன பத்தி பேசினாரு. வண்டி ஓட்னது யாருன்னும் சொன்னாரு."

அவருடைய விரல் பொத்தான் மேலேயே நின்றது. வெளியே பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"எனக்கு அப்ப இருவத்தஞ்சு வயசு" என்றார். "எங்க போறோம்னு தெரியாமதான் போனேன். தெரிஞ்சப்பறமும் வண்டிய நிறுத்தல. அதுக்கப்பறம்தான் மனந்திரும்பினேன். தேவன்கிட்ட எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டேன், காஞ்சனா. ஒண்ணும் மறைக்கல."

"பத்மாவதி அக்காகிட்ட?"

அவர் பொத்தானைப் போட்டு முடித்தார்.

"வாராவாரம் மன்னிப்பு பத்திதான் பேசறீங்க. நைனாவும் எதுத்தாப்ல குந்திக்கினு கேட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் எப்படி பார்த்தீங்க?"

"பார்த்துக்க மாட்டோம்" என்றார் சிரஞ்சீவி.

அவர் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தம்மா வெளில செருப்புங்ககிட்ட குந்திக்கினு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

*

பெட்டியை மூடும்வரை இருந்துவிட்டு வெங்கடசாமியின் கார் கிளம்பிவிட்டது. கல்லறை நிலம் ஊருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி இருந்தது. குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். சிரஞ்சீவி கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். கன்னையாவின் உழைப்பு, தாழ்மை, சபைக்குச் செய்த ஊழியம் என்று சரளமாகத்தான் போனது. "ஆண்டவரே, இவருடைய பாவங்களையெல்லாம் நீர்" என்றவர் அங்கே நின்றுவிட்டார். துக்கத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குழியைப் பார்த்தபடி நின்றார். ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகக் கடந்து போனது. பிறகு சபை மூப்பர் ஒருவர் முன்னால் வந்து ஜெபத்தை முடித்து வைத்தார்.

எல்லாரும் மண் போட்டார்கள். காஞ்சனாவும் போட்டாள். மண் பெட்டியில் விழுந்த சத்தத்தில், சொல்லுவியா என்று அப்பா கேட்டது காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு தலையசைப்பாவது கொடுத்திருக்கலாம். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

கூட்டம் கலைந்தது. பத்மாவதி வேலியோரம் பஸ் பிடிக்கப் போகிறவளைப் போலப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். காஞ்சனா முதலில் செங்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சதும் நீங்களே போயி யாமினிய கூட்டிக்கினு வந்துடுங்க. யாரு வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. நான் வர லேட்டாவும்."

பிறகு வேலியருகே போனாள்.

"அக்கா, காலைல பொய் சொன்னேன்."

பத்மாவதி பையைக் கீழே வைத்தாள்.

காஞ்சனா சொன்னாள். கயிறு, தோப்பு, கிணறு, மோட்டார் ரூம். முரளிதரன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் சொன்னாள். தன் அப்பாதான் என்பதைச் சொல்லும்போது குரல் அவளுடையதாக இல்லை. சொல்லி முடித்தும் பத்மாவதி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதைப் போல.

"அன்னிக்கு குளுரு" என்றாள் கடைசியில். "ஸ்வெட்டரு போட்டுக்கினு போன்னேன். வாணான்னுட்டு போனாரு. அப்பால வந்து எடுத்துக்கினு போனாரா, இல்லியா, தெரியல. நான் ரேஷனுக்கு போய்ட்டேன். வந்து பார்த்தா கொடில இல்ல. யாரு எடுத்தாங்கன்னே தெரியல. போட்டுக்கினு இருந்தாராமா?"

காஞ்சனாவுக்கு அது தெரியாது. அப்பா சொல்லவில்லை.

"போட்டுக்கினு இருந்தாரு."

குரல் பின்னாலிருந்து வந்தது. இருவரும் திரும்பினார்கள். சிரஞ்சீவி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் கல்லறை மண் ஒட்டியிருந்தது.

"ஊதா கலரு" என்றார். "கைல ஒரு எடத்துல நூலு பிரிஞ்சிருந்துச்சி. நாந்தான்க்கா வண்டி ஓட்டினேன். கெணத்துல போடறப்ப கால புடிச்சதும் நாந்தான்."

பத்மாவதி வெகுநேரம் அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ சாவு வீடுகளில் இவரும் அவளுக்கு எதிரே நின்று ஜெபம் செய்திருக்கிறார். ஒருமுறை அவள் கையைப் பிடித்து ஆறுதல்கூடச் சொல்லியிருக்கிறார்.

சிரஞ்சீவி மண்டியிடப் போனார். "அக்கா, என்ன மன்னிச்சி..."

"அத கேக்காத" என்றாள் பத்மாவதி. சத்தம் போடவில்லை. "உங்க சாமி உன்ன மன்னிச்சிட்டாருன்னு மைக்குல சொல்லிக்கினு இருந்தியே, அதோட வெச்சிக்க. என்னாண்ட கேக்காத. எனக்கு ஆளு வேணும். எலும்பாவது வேணும்."

அவர் பாதி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "ஸ்டேஷனுக்கு போலாம்" என்றார். "எழுதி குடுத்துட்டு, அப்பறம் அவங்களோட போயி எடத்த காட்றேன்."

"வீட்ல சொல்ல வாணாமா?" என்று காஞ்சனா கேட்டாள். அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

"போனா வரமாட்டேன்மா. என்ன எனக்குத் தெரியும்."

*

போலீஸ் ஸ்டேஷனில் உச்சிவெயில் நேரத்தில் கூட்டம் இல்லை. சிரஞ்சீவியை உள் அறைக்கு அழைத்துப் போனார்கள். அவருடைய குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரசங்கம் செய்யும் குரல் இல்லை அது. ஒரு முறை அது வெங்கடசாமியின் பெயரைச் சொன்னது. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

காஞ்சனா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டிலிருந்து வந்து இன்னும் குளிக்கவில்லை. பத்மாவதி மேஜைக்கு முன்னால் இருந்தாள். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி, சின்ன வயது, தெலுங்கில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பெயர், ஊர், வயது. பத்மாவதியும் தெலுங்கிலேயே தயங்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பர்த்த பேரு?"

"முரளிதரன்."

கான்ஸ்டபிள் கணவன் பெயரை எழுதினாள். அடுத்ததைப் பழக்கத்தில், தலை நிமிராமலே கேட்டாள்.

"உன்னாரா?"

இருக்கிறாரா என்ற கேள்வி. ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்திலும், பஞ்சாயத்து ஆபீஸிலும் யார் கேட்டாலும் பத்மாவதி இருக்கிறார் என்றே எழுத வைத்திருந்தாள்.

பதில் வராததால் கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைக் காகிதத்தின் மேல் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது. காகிதத்தின் ஓரம் எழும்பிப் படபடத்தது. பத்மாவதி கையை நீட்டி, அது பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.