திங்கட்கிழமைக் காகிதம்

எம்பிராய்டரிக் கடை வாசலில் அண்ணியின் கைப்பையைத் திறந்து சோதித்தார்கள் என்று அண்ணன் போனில் சொன்னபோது, நான் ஒரு லேப்டாப் விசிறியின் தூசியை ஊதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். எந்நேரமும் ஸ்க்ரூடிரைவரோடு அலைவதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் ஸ்க்ரூ.

அண்ணி அந்தக் கடையில் டிசைன் போடுகிறார். பூவையும் கொடியையும் கம்ப்யூட்டரில் வரைந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எங்கே மாற வேண்டும் என்று குறித்து, பென் டிரைவில் ஏற்றித் தருவார். நான்கு மெஷின்கள் அதைப் படித்துத் துணியில் தைக்கும். இரண்டு மாதமாக, அவர் முடித்த டிசைன் ஒரு வாரத்துக்குள் வேறு கடைத் துணிகளில் தென்பட்டது. பென் டிரைவ் அன்றன்றே அண்ணியிடம் திரும்பிவிடும்; டிசைன் தங்கியதோ அவர் கம்ப்யூட்டரில் மட்டும். வியாழக்கிழமை, நான்கு மெஷின்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி கேட்டுவிட்டார்.

"யாருக்கும்மா குடுக்கறே? அடுத்த வியாழன் வரைக்கும் டைம். நீயா சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா வேலைக்கு வர வேண்டாம்."

"வேலை போனா போகட்டும் ஸ்க்ரூ, வேற தேடிக்கலாம்," என்றார் அண்ணி, அண்ணனிடமிருந்து போனை வாங்கி. "திருடின்னு பேரு வாங்கிட்டு எந்தக் கடைல போய் நிக்கறது?"

சனிக்கிழமை, கடையில் அண்ணி டிசைன் போடும் அறைக்குப் போனேன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க நூல் மாதிரிகளும் காகிதங்களும். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். பிறகு, இந்தக் கம்ப்யூட்டரில் எந்தெந்த புரோகிராம் வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலை எடுத்தேன். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரும் முழு ஊமை அல்ல. மணி சரிதானா, அப்டேட் வந்திருக்கிறதா என்று எங்காவது கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வரிகள் எனக்குப் பழக்கம். ஒரு வரி மட்டும் ஒட்டவில்லை. பெயர் பிரிண்டருக்கு உதவும் புரோகிராம் மாதிரி இருந்தது.

"அண்ணி, இங்க பிரிண்டர் எங்க?"

"பிரிண்டரா? பில்லே கையாலதான் எழுதறோம். நீ வேற!"

பெயரை நம்பக்கூடாது, இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான பிரிண்டர் புரோகிராம் விண்டோஸின் சொந்த ஃபோல்டரில் இருக்கும். இதுவோ தற்காலிகக் குப்பை சேரும் ஒரு ஃபோல்டரில் ஒளிந்திருந்தது.

இதைத்தான் பேக்டோர் என்பார்கள். பெயரைக் கேட்டால், யாரோ வெளியிலிருந்து வந்து கொல்லைக் கதவைத் தள்ளுவதாகத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து வரும் அழைப்பை ரூட்டர் தடுத்துவிடும். உள்ளேயிருந்து போவதைத் தடுக்காது. அதனால் உள்ளே இருக்கும் புரோகிராமே சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டு, "ஏதாவது வேலை உண்டா?" என்று கேட்கும். அந்தப் பக்கம் இருக்கும் ஆள் எந்தக் கோப்பைக் கேட்டாலும் எடுத்து அனுப்பும். திரையைப் படம் பிடிக்கும். தட்டுகிற பாஸ்வேர்டைக் குறித்துக்கொள்ளும்.

முதலில் நெட் கேபிளை உருவினேன். அதன் பேச்சு அறுந்தது. திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அடுத்து, என்னுடைய சுத்தமான பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். கெட்ட புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடினால் அது ஒளிந்துகொள்ளலாம். தூங்கும்போது தேடினால் அப்படியே கிடக்கும். அதை அழித்தேன். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் கிளம்பும்போதும் அதை எழுப்பிவிட வைத்திருந்த ஏற்பாட்டையும் அழித்தேன். பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றிவிட்டு, நெட் கேபிளை மறுபடி செருகினேன்.

"பேதி மருந்து குடுத்தாச்சா?" என்றார் அண்ணி.

"சுத்தமாப் போயிடுச்சு அண்ணி."

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சும்மா சரிபார்க்கப் போனேன். பட்டியலில் அதே வரி.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களாம்? சனிக்கிழமைக்கு அப்புறம் இந்த ரூமுக்கு யாரு வந்தா? இவங்கதானே?"

அண்ணியைக் காப்பாற்ற வந்த நானே இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேன்.

"அண்ணி, காலைல வந்ததும் என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"பையை வெச்சேன். ஸ்க்ரீனைத் துடைச்சேன். ஆன் பண்ணேன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணேன்..."

"எதுக்கு?"

"திங்கக்கிழமையாச்சே!" என்று சுவரைக் காட்டினார்.

நூல் மாதிரிகளுக்கு நடுவில் ஒரு காகிதம். சனிக்கிழமை என் கண்ணில் பட்டும் நான் படிக்காதது. 'திங்கள் காலை: ஆன்டிவைரஸை அணை. ஆக்டிவேட்டரை ஓட்டு. திரும்பப் போடு.' முதலாளியின் கையெழுத்து.

டிசைன் சாப்ட்வேர் திருட்டுப் பிரதி. வாரம் ஒருமுறை அது பூட்டிக்கொள்ளும். பூட்டை உடைக்க ஆக்டிவேட்டர் என்ற ஒரு சின்ன புரோகிராம். அதுவும், அது கொண்டுவந்து போட்ட அந்தக் கள்ளப் பிரிண்டர் புரோகிராமும் இருந்த ஃபோல்டர்களைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆன்டிவைரஸிடம் யாரோ சொல்லியும் வைத்திருந்தார்கள். காவல்காரனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வாசலைத் திறந்த கதை.

"சார், மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அப்புறம் நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

மறுபடி அந்தக் கள்ளப் புரோகிராமையும் அதை எழுப்பும் ஏற்பாட்டையும் அழித்தேன்; ஆக்டிவேட்டரை மட்டும் தொடவில்லை. இந்த முறை நெட்டை விட்டுவைத்து, வெற்றுப் பட்டியலை முதலாளிக்குக் காட்டினேன். அண்ணி காகிதத்தில் இருந்ததை வரிசைப்படி செய்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வரி வந்து உட்கார்ந்தது. கேபிளை உருவினேன்.

"அஞ்சு வருஷமா ஓட்டறோமே," என்றார் முதலாளி. "அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

"ரெண்டு மாசம் முன்னாடி பழசு வேலை செய்யலைன்னு புதுசு கொண்டாந்தீங்களே சார்," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "உங்க பென் டிரைவ்ல."

அவர் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்தார்.

"யார் எடுத்தாங்கன்னு என்னால சொல்ல முடியாது சார்," என்றேன். "எந்த வழியாப் போச்சுன்னுதான் காட்ட முடியும். டிசைன் கோப்பை மட்டும் காப்பி எடுத்துட்டு, டிஸ்க்கை முழுசா அழிச்சுப் புதுசாப் போடணும். சாப்ட்வேரைக் கம்பெனிலயே வாங்கணும். இல்லேன்னா அடுத்த திங்கக்கிழமையும் நான் வரணும்."

"சரி, அப்படியே பண்ணுங்க." அவர் அண்ணி பக்கம் திரும்பினார். "இனிமே பையெல்லாம் பாக்க மாட்டோம்மா."

"நீங்க கேட்டது மெஷின் ஹால்ல சார். இதையும் அங்கேயே சொல்லிடுங்க."

அவர் மெஷின் ஹாலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். கையை உயர்த்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"டிசைன் வெளிய போனது நான் கொண்டாந்த புரோகிராமால. இவங்க யாருக்கும் குடுக்கல. அன்னிக்கு நான் கேட்டது தப்பு."

மூன்றாம் மெஷின்காரர் நூலை அறுத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப சாயங்காலம் யாரு பையைப் பாக்கணும் சார்?"

முதலில் சிரித்தது அண்ணிதான்.

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தப் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் இதைத்தான் போட்டிருக்கேன். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறது அதுலதான்..."

"வீட்டுக்குப் போன் பண்ணி நெட் கேபிளை உருவச் சொல்லுங்க சார்," என்றேன். "இங்க முடிச்சிட்டு வர்றேன்."